தூங்கிவிட்டுப் புறப்படு

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. நீ உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். நான் கூடத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு பாதி திறந்திருப்பதால் நீ தூங்குவது எனக்குத் தெரிகிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஒரு கால் போர்வைக்கு வெளியே கிடக்கிறது. பக்கத்துத் தெருவில் போர்வெல் போடுகிற சத்தம் உன்னை ஒன்றும் செய்யவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற பிள்ளை தூங்குவதைப் பார்த்து வயிறு எரிகிற அப்பனும் உண்டா என்று நீ கேட்கலாம். உண்டு. உன் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறேன்.

உன் தூக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் பொறாமை இன்று நேற்று வந்ததல்ல. மூன்று வயதில் நீ என்னோடு பனியன் கம்பெனிக்கு வருவாய். துணி ரோல் அடுக்கியிருக்கும் மூலையில் ஏறிப் படுத்து, அத்தனை தையல் மிஷின் ஓடுகிற சத்தத்திலும் தூங்கிவிடுவாய். அவிநாசித் தேருக்குப் போன அன்று, கூட்டமான பஸ்ஸில் நின்றபடியே என் தொடையில் சாய்ந்து தூங்கினாய். நானோ தாராபுரத்துக்கு பஸ் ஏறினால்கூடக் கண்ணை மூட மாட்டேன். இறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்டக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "ஏனுங்க, ஊரு என்ன எந்திரிச்சு ஓடியா போயிருமுங்க?" என்று உன் அம்மா கேட்பாள். எனக்குக் கோபம்தான் வரும். தூங்குகிறவர்கள் பொறுப்பில்லாதவர்கள், விழித்திருக்கிறவர்கள்தான் உலகத்தைத் தாங்குகிறார்கள் என்று ஒரு நினைப்பு எனக்கு.

நாளை சாயங்காலம் நீ கோயம்புத்தூரில் விமானம் ஏறுகிறாய். மூன்று வாரம், மூன்று நாடு, உன் பொறுப்பிலேயே எல்லாப் பேச்சும். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் பயணத்தில் நீ காய்ச்சலில் விழுந்ததும், அதன் பிறகு 'அவருக்கு உடம்பு தாங்காது' என்று உன் கம்பெனி வேறொருவரை அனுப்பியதும், இந்த வாய்ப்பு மறுபடி உன் கைக்கு வர நீ பட்ட பாடும் எனக்குத் தெரியும். அதைவிடக் கூடுதலாகவும் எனக்கு ஒன்று தெரியும். அதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே இருந்திருப்பேன். போன புதன்கிழமை டாக்டரிடம் நீ பேசியதைக் கேட்டிராவிட்டால்.

என் சர்க்கரையைப் பார்க்கத்தான் நாம் போனோம். என்னைப் பார்த்து முடித்ததும் நீ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் கேட்டாய். "டாக்டர், ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே ஏதாச்சும் ஊசி போட்டுக்கலாமுங்களா? எனக்குப் பயணம் ஒத்துக்காதுங்க. அப்பாவுக்கும் அப்படித்தானுங்க. எங்க குடும்ப உடம்பே அப்படிங்க." டாக்டர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு சிரித்துவிட்டார். "தம்பி, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. ரெண்டு நாள் நல்லாத் தூங்கிட்டுக் கிளம்புங்க, போதும்." நீ நம்பவில்லை. வெளியே வந்து மருந்துக்கடையில் காய்ச்சலுக்கு, சளிக்கு, வயிற்றுக்கு, தலைவலிக்கு என்று அட்டை அட்டையாக வாங்கினாய். நான் பக்கத்தில் நின்றேன். உண்மை என் வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

குடும்ப உடம்பு என்று ஒன்று கிடையாது, பிரபு. அதை உண்டாக்கியவன் நான். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு என் பயணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீ நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். நான் சாம்பிள் ரூம் இன்சார்ஜ். வெளிநாட்டுக்காரர் ஆர்டர் கொடுக்கும் முன், ஒவ்வொரு உடுப்பையும் ஒன்றிரண்டு மாதிரிக்குத் தைத்து அனுப்பி ஒப்புதல் வாங்குகிற இடம் அது. நான் அளவெடுத்து, வெட்டக் கொடுத்து, தைக்கக் கொடுத்த கழுத்தும் கையும் நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தன. நான் காங்கேயம் ரோட்டைத் தாண்டவில்லை. சொன்னால் சிரிப்பாய், அந்த பனியன்கள் மேல்கூட எனக்குப் பொறாமை இருந்தது. அட்டைப் பெட்டியை ஒட்டும்போது, 'போய்த் தொலை, நீயாவது பார்த்துவிட்டு வா' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவனை ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "ஜெர்மனிக்கு நீயும் வாப்பா. சாம்பிளப் பத்தி என்ன கேட்டாலும் நீதான் சொல்லோணும்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கிளம்புவதற்கு முந்தின ஒரு வாரம் நான் தூங்கவே இல்லை. வேலை இருந்தது உண்மைதான். ஆனால் வேலை இல்லாத நேரத்திலும் தூங்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், வராதவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சொன்னேன். "கொஞ்ச நேரம் கண்ண மூடுங்க" என்று அம்மா சொன்னால், "நான் தூங்கினா ஷிப்மென்ட் யார் அனுப்பறது?" என்று கேட்பேன். நம் ஊரில் இது ஒரு பெருமை. மூன்று நாள் தூங்காமல் சரக்கை அனுப்பினேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மீசை முறுக்கல். கண் சிவந்திருந்தால்தான் ஆம்பளை.

பெட்டி கட்டிய கதையைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்காலத்துக்கான ஹூடி, உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் துணி, தலைக்குத் தொப்பியோடு. இருபத்திரண்டு உருப்படி. ஒவ்வொன்றிலும் சீல் போட்டிருந்தது. சீல் என்றால் உனக்குத் தெரியும், இதை வேறு யாராவது படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன். இதுதான் ஒப்புக்கொண்ட மாதிரி என்று கையெழுத்துப் போட்டு, அட்டையை நூலில் கோத்துப் பூட்டி விடுவார்கள். நூல் அறுந்தால் அந்த உடுப்புக்கு மதிப்பில்லை. பெட்டியைக் கம்பெனியில் கார்ட்டன் நிறுக்கிற மிஷினில் வைத்தேன். விமானக்காரன் சொன்ன எடையைத் தாண்டியது. உன் அம்மா எனக்காக ஆள்விட்டு ஊட்டியிலிருந்து ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தாள். அதை எடுத்து வெளியே போட்டேன். எடை சரியாகிவிட்டது. சாம்பிளைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றும், நம் ஊர்க்காரனுக்குத் தோன்றாது. அந்த ஸ்வெட்டரின் பாக்கெட்டில்தான் என் பிரஷர் மாத்திரையை அம்மா வைத்திருந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது.

விமானத்தில் எனக்கு ஜன்னலோரம். பக்கத்தில் முதலாளி, அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர். பாத்ரூம் போக வேண்டுமென்றால் இரண்டு பேரையும் எழுப்ப வேண்டும். முதலாளியை எழுப்புவதா? அதனால் தண்ணீரே குடிக்கவில்லை. ஆனால் காபி கொடுக்க வந்த பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், வந்த காபியை எல்லாம் குடித்தேன். அம்மா கொடுத்த முறுக்கையும் தட்டையையும் ஊறுகாயோடு ஒரு பிடி பிடித்தேன். ஒரு முறைகூட எழுந்து நடக்கவில்லை. இறங்கும்போது கால் இரண்டும் வீங்கி, கழற்றி வைத்த ஷூவுக்குள் போக மாட்டேன் என்றன. பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தேன். முதலாளி ஏறினதும் கண்ணைக் கட்டிக்கொண்டு தூங்கியவர், மாப்பிள்ளை மாதிரி இறங்கினார். அன்றைக்கு அவர் பணத்தின் மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. அவர் முகத்தின் மேல் வந்தது.

வெளியே வந்ததும் குளிர் அடித்தது. நான் அரைக்கை சட்டை போட்டிருந்தேன். கையில் இருபத்திரண்டு ஹூடி இருக்கிற பெட்டி. ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. சீல் இருக்கிறதே. பல் தட்டத் தட்ட, அத்தனை கதகதப்பையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கிய கையோடு, ஆர்டர் கொடுக்கிற பையர் ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு அம்மாள், வயதானவர், பெட்டியைத் திறந்து ஹூடியைத் தடவிப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். ஏதோ கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "இத்தன சூடான துணியச் செஞ்சவனுக்கு எப்படிக் குளுருதுன்னு கேக்கறாங்கப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அறை கதகதப்பாக இருந்தது. நாற்காலி மெத்தென்று இருந்தது. கழுத்தைச் சுற்றித் தைக்கிற ரிப் பட்டியைப் பற்றி அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் தூங்கிவிட்டேன். ஒரு வாரமாக வராத தூக்கம், வரக்கூடாத இடத்தில் வந்தது. குறட்டையும் விட்டேனாம்.

"உன்னையத் தூங்கறதுக்கா இத்தன தூரம் கூட்டியாந்தேன்?" என்று முதலாளி வாசலில் வைத்துக் கேட்டார். அதற்குள் எனக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த மூன்று நாள் ஓட்டல் அறையில் படுத்துக் கிடந்தேன். மாத்திரை இல்லை, தலை சுற்றியது. அந்த அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இலை இல்லாத ஒரு மரம், ஒரு சுவர், சுவரோரம் நிறுத்தியிருந்த ஒரு மஞ்சள் வண்டி. நான் பார்த்த ஜெர்மனி அவ்வளவுதான்.

ஆம், பிரபு. நான் உனக்குக் கதை கதையாகச் சொன்ன ஆறும், ஆற்றுக்கு மேல் பூட்டு பூட்டாகத் தொங்கிய பாலமும், மணி அடிக்கிற கோபுரமும், படகில் கொடுத்த ஆப்பிள் பலகாரமும், எல்லாம் அந்த ஓட்டல் மேசையில் கிடந்த படப் புத்தகத்தில் இருந்தவை. மூன்று நாள் அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் 'என் அப்பா பார்த்த ஊர்' என்று கட்டுரை எழுதி வாத்தியாரிடம் நல்ல பேர் வாங்கி வந்தாயே, அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். நீ என்னை அண்ணாந்து பார்த்த பார்வை எனக்கு வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

திரும்பி வந்தும் புத்தி வரவில்லை. விமானத்திலிருந்து வீட்டுக்கு வராமல் நேராகக் கம்பெனிக்குப் போனேன். வெளிநாடு போய் வந்தவனை எல்லோரும் பார்க்க வேண்டுமே. வீங்கின காலோடு சாயங்காலம் வரை நின்றேன். பிறகு ஒரு மாதம் எனக்குப் பகலும் ராத்திரியும் இடம் மாறிக் கிடந்தன. அம்மா மேல் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் நீ தட்டைக் கீழே போட்டதற்கு அடித்தேன். அது தட்டுக்கு விழுந்த அடி இல்லை என்று இப்போது தெரிகிறது. முதலாளி அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. யார் கேட்டாலும், "நமக்கு அந்த ஊர் ஒத்துக்காதுங்க, உடம்பு வாகு அப்படி" என்று சொல்ல ஆரம்பித்தேன். தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, ஸ்வெட்டரை வீட்டில் விட்டேன் என்று சொல்வதைவிட, உடம்பு வாகு என்பது மரியாதையாக இருந்தது.

இப்போது உன் முதல் பயணத்துக்கு வருகிறேன். இதை எழுதாமல் முடித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் எழுதிவிடுகிறேன்.

நீ அதற்குத் தயாரான விதமே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே நேரத்துக்குப் படுத்தாய். கழுத்தைச் சுற்றி வைக்கிற தலையணை ஒன்று வாங்கினாய். எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று சொல்கிற வாட்ச் ஒன்று கட்டியிருந்தாய். காலையில் அதைப் பார்த்துவிட்டு, "ஏழே முக்கா மணி நேரம்மா" என்று அம்மாவிடம் சொல்வாய். மார்க் வாங்கின பிள்ளைக்குத் தோசை ஊற்றுவது போல அவள் உனக்கு ஊற்றுவாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். என் பயணத்துக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லையே என்று இருந்தது. அப்படிச் சொன்ன ஒரே ஆளான உன் அம்மாவை நான் அதட்டி அனுப்பியது மறந்துபோயிருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் நீ என்னிடம் வந்து, "நீங்க சொன்ன பாலத்தப் பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டு வர்றனுங்கப்பா" என்றாய். சந்தோஷமாகத்தான் சொன்னாய். அந்தப் பாலம் அந்த ஊரில்தான் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பெருந்துறைப் பக்கத்துச் சாயப்பட்டறையிலிருந்து உனக்கு போன் வந்தது. துணி காய்ந்து வந்துவிட்டது, ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, பையர் ஒப்புக்கொண்ட துண்டோடு வைத்து நிறம் சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், உங்கள் ஆள் யாராவது வாருங்கள் என்றார்கள். நீ என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து கேட்டாய். "அப்பா, நீங்க போயிட்டு வர்றீங்களா? என்னவிட உங்க கண்ணுதான் சரியாப் பாக்கும். நான் மத்தியானம் கொஞ்சம் படுத்துட்டுக் கிளம்பிருவனுங்க." நிறம் பார்ப்பதில் எனக்கு முப்பது வருடப் பழக்கம். எனக்கு அது ஒரு மணி நேர வேலை. நான் முழங்காலைத் தடவிக்கொண்டு, "மூட்டு வலி உசுரு போகுது சாமி. படியே எறங்க முடியல" என்றேன்.

எனக்கு மூட்டு வலி இல்லை, பிரபு.

"சரிங்கப்பா, நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டு, தைலத்தை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். சாயப்பட்டறையில் அன்றைக்கு ஒரு ரோல் நிறம் மாறியிருந்ததாம், மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லி அந்த ஆவியிலும் ஈரத்திலும் மூன்று மணி வரை நின்றிருக்கிறாய். வந்ததும் குளித்தும் குளிக்காமலும் பெட்டியைத் தூக்கினாய். அம்மா டப்பாவில் போட்டுக் கொடுத்த தயிர் சாதத்தைத் தொடவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். அது அன்றைக்கு நான் விமானம் ஏறின முகம். கார் முக்கு திரும்பியதும் நான் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, டீக்கடைக்கு விறுவிறுவென்று நடந்தேன். திரும்பி வரும்போது அம்மா வாசலில் நின்றாள். "ஏனுங்க, மூட்டு வலி எங்கீங்க போச்சு?" என்று கேட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாள் என் தட்டில் சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நீ போன் செய்தாய். தொண்டை கட்டி, குரலே வரவில்லை. காய்ச்சல். மீட்டிங்கை இங்கேயிருந்து வேறொருவர் வீடியோவில் பேசி முடித்தாராம். "ரூம்லயே படுத்துட்டு இருக்கனுங்கப்பா, ஜன்னல் வழியா ஒரு பார்க்கிங்தான் தெரியுது" என்றாய். அப்போது என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? பயம் இல்லை. பாவம் என்பதும் இல்லை. அப்பாடா என்பதுதான். நீயும் ஜன்னலைத்தான் பார்த்தாய் என்று ஒரு நிம்மதி. போனை வைத்த பிறகுதான், நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கே உறைத்தது. ஆனால் நீ திரும்பி வந்ததும் உன்னிடம் நான் சொன்னது, "விடுப்பா, நம்ம குடும்ப உடம்பு அப்படி. நமக்கெல்லாம் பயணம் ஒத்துக்காது." உன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன். நீ நம்பினாய். அப்பன் சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்?

இதுதான் எனக்குத் தெரிந்து உனக்குத் தெரியாதது. நீ அந்தப் பயணத்தில் விழுந்தது உன் உடம்பால் இல்லை. ஒரு மதியத் தூக்கத்தையும் ஒரு வேளைச் சோற்றையும் நான் உன்னிடமிருந்து பிடுங்கினேன். என்னால் முடியாததை நீ முடித்துவிட்டு வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேறு வீட்டுப் பிள்ளை போயிருந்தால் வாழ்த்தி அனுப்பியிருப்பேன். என் வீட்டிலிருந்து, என் கண் முன்னால், என் மேசையில் சாப்பிட்டு எழுந்து ஒருவன் போகிறான் என்பதுதான் தாங்கவில்லை. இதற்கு மன்னிப்பு என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். கோபம் வந்தால் கோபப்படு. ஆனால் வாங்கின மாத்திரையில் பாதியை அலமாரியில் வைத்துவிட்டுப் போ. உனக்கு அது தேவையில்லை.

தேவையானது எதுவென்று, கெட்டுப் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உன் வாட்ச் சொல்வதைத்தான் நானும் சொல்லப்போகிறேன், ஆனால் என் வாயால் ஒரு தடவை கேள். நாளைக்கு மதியம் குழைந்த சாதமாக, காரமில்லாமல் சாப்பிடு. விமானத்தில் நடைபாதையோரச் சீட்டைக் கேட்டு வாங்கு, எவனையும் எழுப்ப யோசிக்காதே. முதலாளியானாலும் எழுப்பு. தண்ணீரைக் குடி, காபிக்கு வேண்டாம் என்று சொல். அந்தப் பெண் உன்னைப் பற்றி ஒன்றும் நினைக்க மாட்டாள், அவளுக்கு இன்னும் நூறு பேருக்கு ஊற்ற வேண்டும். எழுந்து நட. மாத்திரையைப் பெட்டியில் போடாதே, தோளில் மாட்டுகிற பையில் வை. இறங்கின ஊரில் வெயில் இருந்தால் வெயிலில் நில், அந்த ஊர் தூங்கும்போது நீயும் தூங்கு, அதுவரை எப்படியாவது விழித்திரு. முதல் நாளே மீட்டிங் வைத்தால், மறுநாள் வைக்கலாமா என்று கேள். கேட்டால் குறைந்துபோக மாட்டாய். கேட்காததால்தான் நான் குறைந்துபோனேன். திரும்பி வந்ததும் நேராகக் கம்பெனிக்குப் போகாதே. வீட்டுக்கு வா. ஒரு நாள் முழுக்க வீட்டில் கிட. யார் மேலாவது எரிச்சல் வந்தால், அது அவர்கள் மேல் இல்லை, தூக்கத்தின் மேல் என்று நினைத்துக்கொள். நான் அன்றைக்கு உன்னை அடித்த அடியை நீ யாருக்கும் கொடுத்துவிடக்கூடாது.

இதை நீ நாளைக் காலையில்தான் படிப்பாய். படிக்கும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். இன்று சாப்பிட்டு நீ படுத்த கொஞ்ச நேரத்தில் உன் போன் அடித்தது. அதே சாயப்பட்டறை. அதே கதை. துணி நாளைக் காலையில் வருகிறது, நிறம் பார்க்க ஆள் வேண்டும். போன் மூன்று முறை அடிக்கும் வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன்னை எழுப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனசு சொல்லத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன். வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை. இன்றைக்கும் நீ கழுத்துத் தலையணையைத் தட்டிப் பெட்டி மேல் வைத்தபோது எனக்குள் ஏதோ கடித்தது. கூடத்தில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவன் தூங்கட்டுமுங்க" என்று மட்டும் சொன்னாள். நான் போனை எடுத்து, "நான் அவங்கப்பா பேசறனுங்க. காலைல நானே வர்றேன்" என்றேன். சாயப்பட்டறைக்காரர், "சார், நீங்களே வர்றீங்களா, அப்ப கவலையே இல்லீங்க" என்றார். நிறம் மாறியிருந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் போனுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் வந்துவிடுவேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் திட்டு, ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்த பிறகு திட்டு.

இன்னொன்று. உன் பெட்டியை நீ தூங்கும்போது திறந்தேன். நீயும் என் பிள்ளைதான், மேலிருந்து கீழ் வரை சாம்பிள். உனக்கென்று ஒரு மெல்லிய ஜாக்கெட், அவ்வளவுதான். அதனால் இரண்டு சாம்பிளை வெளியே எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் கம்பெனியில் அதைக் கூரியரில் அனுப்பச் சொல். அந்த இடத்தில் ஒரு ஹூடியை வைத்திருக்கிறேன். அந்த இருபத்திரண்டில், பையர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஒன்று அது. பழைய சாம்பிள் ரூமைக் காலி செய்தபோது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்றார் முதலாளி. சீலோடு எடுத்து வந்து பீரோவில் அப்படியே வைத்திருந்தேன், ஒரு நாளும் போட்டுக்கொள்ளவில்லை. இன்று கத்தரிக்கோலை எடுத்து அந்த நூலை வெட்டினேன். இத்தனை வருடத்தில் சீலில் நான் கத்தரி வைத்தது இதுதான் முதல் தடவை. மனசு பதறத்தான் செய்தது. உதறி, மொட்டை மாடியில் வெயில் காட்டி மடித்து வைத்திருக்கிறேன். என் உடம்பு அதைத் தாண்டிவிட்டது. உனக்குச் சரியாக இருக்கும்.

மடிக்கும்போது அம்மா வந்து அதன் பாக்கெட்டில் எதையோ வைத்தாள். என்ன என்று நான் பார்க்கவில்லை. எடுக்கவும் இல்லை.

விமானத்தை விட்டு இறங்கும் முன் அதைப் போட்டுக்கொள். போட்டுக்கொண்டு வெளியே போ. ஆறோ பாலமோ இல்லாவிட்டால் போகட்டும், இருப்பதைப் பார். திரும்பி வந்து ஒரு நாள் முழுக்கத் தூங்கு. எழுந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்.

அப்பா